மேற்கு ஜன்னலுக்குத் தைத்த திரை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஒரு தலைமுறை கழிந்திருந்த காலம். ஏரிக்கு நடுவே இருந்த பசியாவரத்தில் குப்பம்மா என்று ஒருத்தி இருந்தாள். கருவாட்டுக் கூடையோடு படகேறிப் பட்டினத்துக்குப் போவாள். கப்பலுக்குப் போகும் துணிகளை மடித்துப் பொதி கட்டுகிற கிடங்குகளின் வாசலில், ஓரம் கிழிந்தது, சாயம் ஒட்டாதது, எலி கடித்தது என்று கழித்த துண்டுகள் கிடக்கும். கூடை காலியானதும் அவற்றைப் பொறுக்கி நிரப்பிக்கொண்டு திரும்புவாள்.

வலையின் கிழிசலைப் பொத்திப் பொத்தித் தேறிய விரல்கள் அவளுக்கு. சாயவேரில் தோய்ந்த சிவப்புத் துண்டு கிடைத்தால் அது மீனாகும். பச்சை கிடைத்தால் கிளி. வெளுத்துப்போன சிவப்பைச் சேர்த்து வைத்திருந்து, கழுத்து நீண்ட பூநாரை தைப்பாள். உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, கயிற்றில் கோத்து, மகள் லோகநாயகியின் தூளிக்கு மேல் கட்டினாள். காற்றில் அது ஆடியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்கும் ஒன்று கேட்டாள். அப்புறம் ஊரில் தொட்டில் போட்டாலும் சரி, கல்யாணப் பந்தல் போட்டாலும் சரி, குப்பம்மாவின் துணித்தோரணம் இல்லாமல் நடக்காது என்று ஆயிற்று.

ஒரு தை மாதம் அவள் புருஷன் அங்கமுத்து முகத்துவாரத்தில் கட்டுமரம் கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டான். மூன்று மாதம் அவனால் எழுந்து நடக்க முடியவில்லை. அந்த மூன்று மாதமும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது, ஏரிக்கு அக்கரையில் காட்டூரில் நெல் விளைத்த துளசிங்கத்தின் பெண்டாட்டி காசியம்மாள். குப்பம்மா கொண்டுபோகும் கருவாடு ஒரு கைப்பிடிதான் இருக்கும். பதிலுக்குக் காசியம்மாள் கூடை நிறைய நெல்லைக் கொட்டுவாள், அளக்கமாட்டாள். அடுத்த வருஷம் காசியம்மாளுக்குப் பெண் பிறந்தபோது குப்பம்மா ஓடிப்போய்த் தொட்டிலுக்குமேல் சரம் கட்டினாள். வயக்காட்டில் பிறந்தவளுக்கு மீனைக் காட்டுகிறாயே அக்கா என்று காசியம்மாள் சிரித்தாள். அந்தக் குழந்தைக்கு எல்லம்மா என்று பெயர் வைத்தார்கள்.

எல்லம்மாவுக்கு மூன்று வயதாகும்போது ஐப்பசி மழை பொய்த்தது. மறுவருஷமும் பொய்த்தது. காட்டூர்ப் பக்கம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. கடலோரத்துக்காரர்கள் மீனைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் மீனை வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்க ஆள் இல்லை. உள்நாட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். அங்கே சில வணிகர்கள் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சி குடித்தவர்களை மதில் சூழ்ந்த கொல்லைகளில் அடைத்து வைத்து, கப்பல் வந்ததும் ஏற்றி, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பத்தாவிப் பட்டினத்துக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அப்படி ஒரு வணிகரின் வீட்டிலிருந்துதான் குப்பம்மாவுக்கு ஆள் வந்தது. அந்த வீட்டுத் துரைசானி சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். அவளுடைய பெண்குழந்தைக்கு ஐந்து வயது நிறைகிறது, விருந்து வைக்கிறார்கள், குழந்தையின் அறையை அலங்கரிக்க வேண்டும். வேலை நடக்கிற நாளெல்லாம் அரிசி உண்டு. குப்பம்மா மறுபேச்சுப் பேசாமல் ஊசிநூலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாடியில் அறை. கழித்த துண்டுகள் இல்லை, புத்தம்புதுத் துணிகளே மேசைமேல் அடுக்கியிருந்தன. அப்படிப்பட்ட துணியில் கத்தரி வைக்கும்போது அவளுக்குக் கை கூசியது. கட்டிலைச் சுற்றிப் பூநாரைகள், வாசலுக்குத் தாமரை மொட்டுகள், சுவர் நெடுக மீன்கள் என்று இரண்டு நாள் தைத்தாள். மாலையில் முந்தானையில் அரிசியை முடிந்துகொண்டு வீடு திரும்பும்போது, ஊர்ப் பெண்கள் அந்த முடிச்சையே பார்ப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் முற்பகலில், மேற்கு ஜன்னலுக்குமேல் கயிறு கட்ட முக்காலி போட்டு ஏறினாள். ஜன்னல் திறந்திருந்தது. கீழே கொல்லை. நாற்பது ஐம்பது பேர் மதில் நிழலில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் பார்க்காமலிருக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு குழந்தை அண்ணாந்து அவள் கையில் தொங்கிய துணிமீனைச் சுட்டிக் காட்டியது. பக்கத்தில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், அடையாளமே மாறியிருந்தாலும் அது காசியம்மாள்தான்.

“யக்கா. குப்பம்மக்கா.”

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் அறைக்குள் இருந்த துரைசானிக்குக் கேட்டுவிட்டது. அவள் ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

“உன்னத்தான் கூப்புடுறா போல. தெரிஞ்சவளா?”

முந்தின நாள் வாசற்காவல்காரன் ஒரு கதை சொல்லியிருந்தான். அந்த வீட்டில் பாத்திரம் துலக்கியவளுக்குச் சொந்தக்காரர்கள் யாரோ வந்து வாசலில் அழுதார்களாம். அன்றைக்கே அவளை விரட்டிவிட்டார்களாம். அந்தக் கதை குப்பம்மாவின் மனசில் ஓடியது. வீட்டில் பானைக்குள் இருக்கும் அரிசியும் ஓடியது. முக்காலியில் நின்றபடியே சொன்னாள்.

“தெரியாதும்மா. பசி மயக்கத்துல இன்னாத்தையோ ஒளறுது.”

சொன்ன சொல் கீழே கேட்டிருக்கும். காசியம்மாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். குழந்தையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு துரைசானி தானாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். விரல்களுக்கு இடையே ஒரு தாமரை மொட்டை உருட்டியபடி, சாதாரணமாகத்தான் சொன்னாள். “தெரிஞ்சவளா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பாப்பாவப் பாத்துக்க ஒரு பொம்பள வேணும்னு தேடிக்கிட்டிருக்கேன். அவகிட்டயும் ஒரு பொண்ணு இருக்கு, சேந்து வெளயாடும். யாரு என்னன்னு சொல்ல ஆளில்லாம வீட்டுக்குள்ள எப்படி விடறது?”

குப்பம்மாவின் ஊசி நின்றது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘தெரியும்மா, காட்டூர்க்காரி, நல்லவ, என் குடும்பத்துக்கே சோறு போட்டவ’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சொன்னால், காலையில் ஏன் இல்லை என்றாய் என்று கேட்பாள். சோறு போட்டவளைத் தெரியாது என்று சொன்னவள் என்று தெரிந்துபோகும். அந்த வெட்கத்தில் வாய் கட்டிக்கொண்டது. முதலில் சொன்ன பொய்யாவது பயத்தில் வந்தது. இதற்கு அந்தச் சாக்கும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு தையலைத் தொடர்ந்தாள்.

அன்று மாலை துரைசானி இன்னொரு வேலை சொன்னாள். கொல்லையிலிருந்து வரும் அழுகைச் சத்தத்தில் பாப்பா பயந்துகொள்கிறாள், விருந்தாளிகளும் மேலே வருவார்கள், மேற்கு ஜன்னலை முழுக்க மறைக்கிற மாதிரி ஒரு திரை வேண்டும் என்றாள். மறுநாள் முழுவதும் குப்பம்மா அதைத் தைத்தாள். துணியை இரண்டாக மடித்தாள், போதவில்லை என்று மூன்றாக மடித்தாள். மேலே நெருக்கி நெருக்கிப் பூவும் கொடியும் வைத்தாள். தன் ஆயுசில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. கட்டித் தொங்கவிடும்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் முடிச்சை மட்டும் பார்த்துக் கட்டினாள். கீழே சத்தமே இல்லை. அதற்காக மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அங்கமுத்து சாப்பிடாமல் படுத்துக் கிடந்தான். அவன் அந்த வாரம் கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலையில் ஓடுகிற பெரிய படகில் துடுப்புப் போடப் போய்க்கொண்டிருந்தான். உடம்பு வலி என்றான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. தன் முகத்தை அவன் பார்க்காமலிருந்தால் போதும் என்று இருந்தது.

விருந்தன்று காலை, வரும் வழியெல்லாம் படகிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தாள். மாடியேறியதும் துரைசானியின் காலில் விழுந்தாள். கீழே இருப்பவள் தனக்குத் தெரிந்தவள்தான், பயந்துகொண்டு பொய் சொன்னேன், என்னை விரட்டினாலும் சரி, அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தாள்.

 துரைசானி ஜன்னலுக்குப் போய், புதுத் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். கொல்லை காலியாக இருந்தது. ஒருவன் பெருக்கிக்கொண்டிருந்தான். நேற்றுக் காலையே எல்லோரையும் கொண்டுபோய்விட்டார்கள், விடியும்போது கப்பல் பாய் விரித்துவிட்டது என்றாள்.

“கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே” என்றாள் துரைசானி. கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் வாசலில் பல்லக்குச் சத்தம் கேட்டது. அவள் திரையை விட்டுவிட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு கீழே போனாள்.

குப்பம்மா காலியான கொல்லைக்குத் திரை தைத்திருக்கிறாள். சத்தம் இல்லையே என்று கும்பிட்டது அதற்குத்தான்.

அன்றைய அரிசியை வாங்காமலே வந்துவிட்டாள். அங்கமுத்து கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். அவன் எதிரே மணலில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அடிப்பான் என்று நினைத்தாள்; அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் வலையின் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தான்.

“தெரியும்” என்றான். “என் படகுலதான் வந்துச்சு.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“நேத்து. கொயந்தைய மடில வெச்சினு எனக்கு நேரா ஒக்காந்துச்சு. நான் மூஞ்சத் திருப்பிக்கினேன். அலை தாண்டினதும் அதுவே பேசிச்சு. கால் நல்லா கூடிடுச்சாண்ணானு கேட்டுச்சு.”

அவன் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: “அக்காவுக்கு வேல பூடும்னுதான் தெரியாதுனுச்சு, நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன், மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு அப்படின்னுச்சு.”

காசியம்மாள் திட்டியிருந்தால் அதைத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்கக் குப்பம்மாவுக்கு வழி தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம் ஊர்க்கூட்டத்தில் அங்கமுத்து எழுந்து, இனி அந்தப் படகில் துடுப்புப் போடமாட்டேன் என்றான். காரணம் கேட்டார்கள். அவன் திணறியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து குப்பம்மா எழுந்து, ஜன்னலில் நின்று தான் சொன்னதைச் சொன்னாள். அரிசி வந்த வழியை அப்படிக் கூட்டத்தில் போட்டு உடைத்தது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களும் அதே படகில் போனவர்கள்தான். கூடத் துடுப்புப் போட்டவர்களில் தேசப்பனும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் அங்கமுத்துவோடு நின்றார்கள். அடுத்த கப்பல் வந்தபோது வேறு குப்பத்து ஆட்கள் துடுப்புப் பிடித்தார்கள். கப்பல் நிறைந்துதான் போனது.

மூன்றாம் வருஷம் மழை கொட்டியது. தெற்கே கூலி தேடிப் போயிருந்த துளசிங்கம் ஊர் திரும்பினான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் காணாமல், விசாரித்து விசாரித்துப் பசியாவரத்துக்கு வந்து சேர்ந்தான். குப்பம்மா அவனுக்குச் சொம்பில் தண்ணீர் வைத்தாள். அவன் குடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னாள். முக்காலியில் நின்றது, துரைசானி கேட்டது, தான் சொன்ன பதில், பிறகு வாய் மூடிக்கொண்டது, திரை தைத்தது, படகில் காசியம்மாள் சொன்னது, எல்லாம்.

 சொல்லி முடிந்ததும் துளசிங்கம் ஒன்றுதான் கேட்டான்.

“பாப்பா நடந்துச்சா, தூக்கி வெச்சினு இருந்துச்சா?”

உட்கார்ந்திருந்தாள், கையைத் தூக்கி மீனைக் காட்டினாள் என்றாள் குப்பம்மா. அவன் எழுந்து போய்விட்டான். தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த தை மாதம் அறுப்பு முடிந்ததும் அவன் மறுபடியும் வந்தான். அக்கா என்று அழைக்கவில்லை. கரையில் குந்திக்கொண்டு, இன்னொருதரம் சொல் என்றான். அவள் முதலிலிருந்து சொன்னாள். அதற்கடுத்த வருஷமும் வந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் சொம்பை வைப்பாள், அவன் தொடமாட்டான். மகள் லோகநாயகிக்குக் கல்யாணம் பேசுகிற சமயம், மாப்பிள்ளை வீட்டார் காதில் இதெல்லாம் விழவேண்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். குப்பம்மா பந்தலுக்குத் தோரணம் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷமும் துளசிங்கம் வந்தான், அவளும் சொன்னாள். எத்தனை தரம் சொன்னாலும் ‘தெரியாதும்மா’ என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிவிடும். அவனுக்குக் கேட்கவில்லையோ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டாவது முறை உரக்கச் சொல்வாள்.

ஏழாவது வருஷம் தை முடிந்து மாசி வந்தும் அவனைக் காணோம். குப்பம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் படகேறி, இறங்கி, வெயிலில் காட்டூருக்கு நடந்தாள். அவன் வயலில் தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் நடவு தள்ளிப்போய்விட்டது, அறுப்பும் தள்ளிப்போய்விட்டது என்று நிமிராமலே சொன்னான். அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவன் அரிவாளை நிறுத்தவில்லை. ஆனால் அவள் குரல் கேட்கிற தூரத்துக்கு நகர்ந்து வந்து அறுத்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.