அந்தோணி மேஸ்திரியின் முன் பிரேக்

முன் பிரேக் பேடு புதுசு போல இருந்தது. என்னைத் திடுக்கிட வைத்தது அதுதான்.

பின்சக்கரத்தில் பேடு முழுக்கத் தேய்ந்து, வெறும் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே ரோடு. பின்பக்கம் உயிரை விட்டு உழைத்திருக்கிறது. முன்பக்கம் வாங்கிய நாளிலிருந்து லீவில் இருந்திருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால்தான் சாயும். பாதிக்கு மேல் வேலை செய்ய வேண்டியது முன்சக்கரம்.

மரக்காணத்தில் ஈசிஆர் ஓரமாக என் பட்டறை. இங்கே காற்றுக்கே துருப்பிடிக்கும். நிறுத்திவைத்த வண்டியை உப்பு விடாமல் தின்றுகொண்டே இருக்கும். முன்பக்கம் பேடைத் தாங்கும் காலிப்பரின் பின்னைக் கழற்றினேன். பழுப்பாக இறுகிப்போய், சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தது. பேடின் முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. முதுகுத் தகட்டில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. அந்த பிரேக்கை யாரும் அழுத்தியதே இல்லை.

வண்டி அந்தோணி மேஸ்திரியுடையது. உப்பளத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். புதுச்சேரியில் யாரோ வெளிநாடு கிளம்பும்போது, பேடெல்லாம் புதுசாக மாற்றி விற்ற டூரிங் பைக்கை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். மழை இறங்கினால் உப்பளம் மூடிவிடும். அந்த ஓய்வில் மனைவி ஸ்டெல்லாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போவதாகத் திட்டம். ஸ்டெல்லா அக்காவும் பட்டறைக்கு வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் நின்றே வாழ்க்கை ஓடிவிட்டது, ஒருதரம் குளிரில் நின்று பார்க்க வேண்டும் என்று போன முறையே என்னிடம் சொல்லியிருந்தார்.

"பின்னாடிக்கு நல்லதா போடுப்பா" என்றார் மேஸ்திரி. "சின்டர்டு பேடுன்னு ஒண்ணு இருக்குதாமே. மலையில கூட சும்மா கல்லு மாதிரி நிக்குமாம்."

"முன்னாடிக்கு?"

"அது புதுசா தானே இருக்குது."

"அதாண்ணா கேக்குறேன். ஏன் புதுசா இருக்குது?"

மேஸ்திரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார் அக்கா. "இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அக்காவே சொன்னார். பல வருஷம் முன்னால், பழைய வண்டி. காலையில் இருவரும் உப்பளத்துக்குப் போகும்போது, லோடு லாரி சொட்டிக்கொண்டே போன உப்புத்தண்ணி ரோட்டில் கிடந்திருக்கிறது. நாய் குறுக்கே வந்தது. மேஸ்திரி முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன்சக்கரம் வழுக்கிப் படுத்தது. அக்காவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

"அன்னியிலேருந்து அந்த லீவரை மியூசியத்துல வெச்ச மாதிரி வெச்சிருக்காரு தம்பி. பாப்பாரு, தொடமாட்டாரு."

"இதுல ஏபிஎஸ் இருக்குதுண்ணா. சக்கரம் அப்படி லாக் ஆகாது" என்றேன்.

"வண்டிக்குத் தெரியுதுப்பா" என்றார் மேஸ்திரி. "என் கைக்குத் தெரியலையே."

எந்தப் பேடு

பின்னால் சின்டர்டு போட்டு அனுப்பிவிடலாம். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆகும். ஆனால் என் கண் முன்னால் ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. இரண்டு பேர், பை, பாரம். இறக்கம் முழுக்க அவர் வலது கால் பின் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்து, ஏதோ ஒரு வளைவில் பெடல் வெறுமனே உள்ளே போகும். அப்போது காலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒன்றும் இருக்காது.

முன் பிரேக் இல்லாமல் இவர் மலையிறங்கக் கூடாது. அப்படியானால் முன்னால் எதைப் போடுவது?

புதிதாக ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். சின்டர்டு என்பது உலோகப் பொடியை அழுத்திச் சுட்டது. சூடு தாங்கும், மழையிலும் பிடிக்கும், சீக்கிரம் தேயாது. டூரிங் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துத் தருவார்கள். ஆனால் சில வண்டிகளில் விரல் பட்டதுமே வெடுக்கென்று கடிக்கும். ஆர்கானிக் என்பது நாரும் பிசினும் சேர்த்துச் செய்தது, மெத்தை மாதிரி. கை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் கொடுக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், கடுஞ்சூட்டில் சோர்ந்துபோகும்.

கணக்குப்படி பார்த்தால் மலைக்குச் சின்டர்டுதான். ஆனால் பயந்துபோன கை முதல்முறை லீவரைத் தொடும்போது வண்டி வெடுக்கென்று குனிந்தால், அந்தக் கை இன்னொரு முறை வராது. கம்பெனி மேனுவலில் பயத்துக்கு ஒரு பக்கம் கிடையாது.

முன்னால் ஆர்கானிக் எடுத்தேன். பின்னால், வண்டியோடு வந்த அதே ரகம். "மலையில செகண்ட் கியர்லயே இறங்கணும், இன்ஜினே பாதி புடிச்சிக்கும். நடுநடுவுல நிறுத்தி ஆறவிடணும்" என்றேன். மேஸ்திரி தலையாட்டினார். பின்னைத் தேய்த்து, கிரீஸ் தடவி, பிஸ்டனைச் சுத்தம் செய்து மாட்டினேன்.

பெட்டிங்

புதுப் பேடு போட்டதும் ஓட்டிப் பழக்க வேண்டும். பெட்டிங் என்போம். ஓரளவு வேகத்தில் போய், நிறுத்தாமல், மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுபடி வேகம், மறுபடி குறைப்பு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்.

"திண்டிவனம் ரோட்டுல பெருமுக்கல் பக்கம் போங்கண்ணா. காய்ஞ்ச ரோடு, ஈரம் கிடையாது. முன் பிரேக்கை மட்டும் புடிங்க."

போனார். வெகுநேரம் கழித்து வந்தார். "சூப்பரா நிக்குதுப்பா" என்றார்.

புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். பின் டிஸ்க் அனல். முன் டிஸ்க் பானைத் தண்ணி மாதிரி சில்லென்றிருந்தது.

"தொடவே இல்லையேண்ணா."

ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் வைத்தார். முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "ஒவ்வொரு வாட்டியும் விரலை நீட்டுறேன். இவ கத்துன சத்தம் கேக்குது. பஸ்ஸுல போயிடலாம் ஸ்டெல்லா. ஏற்காட்டுக்கு பஸ்ஸா இல்ல?"

அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "பஸ்ஸுல போறதுக்கு நான் இன்னாத்துக்கு ஹெல்மெட் வாங்கினேன்?"

"வெளாடாத."

"வரப்புல நான் வழுக்கி விழாத மாசம் உண்டா? மறுநாள் அதே வரப்புலதான் கூடை தூக்கினு போனேன். என் எலும்பு கூடி எத்தினியோ வருஷம் ஆச்சி. உங்க கை தான் இன்னும் கூடல. எடுங்க வண்டியை."

அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா தாமாகவே பின்னால் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட் பட்டையை மாட்டி, முறிந்து கூடிய பக்கத்துக் கையை அவர் தோள்மேல் வைத்தார். நான் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்குவது போல நடித்தேன். சில நேரத்தில் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். "அப்படியா புடிப்பாங்க, ஊறுகா தொட்ற மாதிரி" என்று அக்கா. "மொத ரெண்டு வாட்டி அப்படித்தான் இருக்கும், சும்மா வா" என்று மேஸ்திரி. முன் டிஸ்க்கைப் பார்த்தேன். பேடு உரசி வட்டமாகச் சாம்பல் நிறத் தடம் விழுந்திருந்தது. டீ சொன்னேன்.

மழைக்குப் பிறகு

ஏற்காடு போய்விட்டு வந்து, செயினுக்கு ஆயில் விட வந்தார் மேஸ்திரி. மலை பற்றிக் கேட்டேன். குளிர், மிளகு, ஏரி, அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டது என்று ஏதேதோ சொன்னார். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்ததாகவும், ஒவ்வொரு வளைவிலும் ஜெபம் சொன்னதாகவும் சொன்னார்.

"வரும்போது பெருமுக்கல் தாண்டினோம்பா. ஸ்டெல்லா என் முதுகுல சாய்ஞ்சி தூங்கினு வந்தா. ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்துடுச்சி. நான் ஒண்ணுமே யோசிக்கல. கை தானா முன்னாடி புடிச்சிடுச்சி."

"அப்புறம்?"

"நின்னுச்சி. கன்னுக்குட்டி போயிடுச்சி." குரலைத் தாழ்த்தினார். "அவ முழிக்கவே இல்லப்பா."

டூரிங் வண்டிக்கு எந்தப் பேடு நல்லது என்று இப்போதும் வருகிறவர்கள் கேட்கிறார்கள். ரகம், விலை, டிஸ்க் எல்லாம் பிறகு பேசுவோம், முதலில் பின்னால் யார் உட்காருவார்கள் என்று சொல்லுங்கள் என்கிறேன்.