நூற்றுப் பதினொன்றும் ஒரு கோசோங்கும்

முதுகை மூடித் தைக்கச் சொன்ன அம்மாவுக்கு முதுகே இல்லாத ஜாக்கெட் தயாராகிவிட்டது. தையல் தொழில் இப்படித்தான்: துணி அவர்களுடையது, உடம்பு அவர்களுடையது, திட்டு மட்டும் நம்முடையது. ஊசி பிடித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஊரறிந்த இடுப்பு

கடை பிரிக்ஃபீல்ட்ஸில். முன்பெல்லாம் துணியில் குத்தும் சீட்டில் மார்பு, இடுப்பு, கை, பின்கழுத்து இறக்கம் என்று விவரமாக எழுதுவேன். ஒரு பெண்மணியின் சீட்டை அவர் பக்கத்து வீட்டுக்காரி நின்று படித்துவிட்டாள். சீட்டுக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார்: "அங்கிள், என் இடுப்பை ஊருக்கே நோட்டீஸ் ஒட்டுறீங்களா?"

வராத நம்பர்

அன்றிலிருந்து நாலு அளவையும் அதே வரிசையில் ஒட்டி ஒரே எண்ணாக எழுதினேன். எனக்கும் துணி வெட்டும் மணியத்துக்கும் மட்டும் புரியும். பக்கத்து டீக்கடை சேகர் ஒரு சீட்டில் 4238 என்று தொடங்குவதைப் பார்த்தான். ஏதோ சாமி நம்பர் என்று நாலிலக்க லாட்டரிக் கடையில் எடுத்தான். விழவில்லை. என்னிடம் பாய்ந்தான். அது ஒரு அம்மாவின் மார்பும் இடுப்பும் என்றேன். "முன்னமே சொல்லக்கூடாதா அண்ணே? அவங்க கொஞ்சம் இளைச்சதும் எடுத்திருப்பேன் லா!"

மூன்று ஒன்று

அந்த அம்மா புஷ்பம்மா. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவர் மகனுக்குக் கல்யாணம். கை பதினொரு அங்குலம், பின்கழுத்து ஒன்று. சீட்டில் 4238111. மணியம் அதைக் கை ஒன்று, பின்கழுத்து பதினொன்று என்று பிரித்து வெட்டிவிட்டார். போட்டுப் பார்க்கப் போன புஷ்பம்மா திரையை விட்டு வெளியே வரவில்லை. குரல்தான் வந்தது: "நான் மாப்பிள்ளையோட அம்மாவா போகணுமா, டான்சரா போகணுமா?" மாற்றுத் துணி கிடையாது. மணியத்தை முறைத்தேன். "மாப்பிள்ளையோட அம்மான்னு நம்பர்ல எழுதலையே அண்ணே!"

டீக்கு மட்டுமா?

திரைக்குப் பின்னாலிருந்து அவர் கல்யாணத்துக்குக் கட்டவிருந்த சேலை வந்து விழுந்தது. இடுப்பில் செருகும் உள்முனையில் வெட்டிக்கொள்ளச் சொன்னார். முதுகை அடைத்தோம், கையை நீட்டினோம், ஒட்டு தெரியாமல் ஜரிகை வைத்தோம். கல்யாணம் தப்பியது. அப்புறம் சீட்டைக் கேட்டார். கணக்கைச் சொன்னேன். மேசையிலிருந்த என் சர்க்கரையில்லா டீயைக் காட்டினார்; இங்கே மலாயில் அது டீ கோசோங், பூஜ்யத்துக்கும் கோசோங் என்றுதான் பெயர். "தினமும் டீ கோசோங் குடிக்கிறீங்க, ஒத்தை நம்பருக்கு முன்னால ஒரு கோசோங் போட்டா கை வலிக்குதா?"

இப்போது என் சீட்டில் 1101 வேறு, 0111 வேறு; இத்தனை வருஷம் நான் அளவெடுத்தவர்களில் என்னை அளவெடுத்துச் சரிசெய்தவர் ஒருவர்தான், புஷ்பம்மா.