குளிர் அறையில் சாம்பிராணி

தாராவியில் எங்கள் எதிர்வீட்டுக்காரன் தங்கபாண்டி. அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது கோபம். நல்ல வார்த்தை அப்புறம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குச் சுத்தப் பைத்தியம். குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரில் பாதியைச் சந்துத் தரையைக் கழுவவே ஊற்றுவான். கேட்டால், "சந்து முனிசிபாலிட்டியோடதுதான் அண்ணாச்சி. ஆனா நடக்குத காலு நம்மளோடதுல்லா?" என்பான். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவன் மனைவி பிச்சம்மாள் வீட்டைக் கழுவி முடித்ததும், இவன் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாகச் சாம்பிராணி போடுவான். அந்தப் புகை சந்தைத் தாண்டி வந்து எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும் சட்டைகளில் ஏறிக்கொள்ளும். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போனால் எங்கள் பாதிரி ஐயர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். எத்தனையோ தடவை சத்தம் போட்டுப் பார்த்துவிட்டேன். கழுவினால் பாதி சுத்தம், முத்தாரம்மனுக்குப் புகை காட்டினால்தான் மீதி சுத்தம் என்பது அவன் கட்சி. யார் சொன்னாலும் மாற மாட்டான்.

நான் அப்போது துறைமுக டாக்கில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க். அறுபத்தாறாம் வருஷம். பம்பாயிலிருந்து இறால் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உரித்த இறாலைப் பாளம் பாளமாக உறைய வைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, கப்பலில் இருக்கும் குளிர் அறையில் அடுக்குவார்கள். அந்த அறையில் குளிர் இருந்தால் மட்டும் போதாது, துளி வாடை இருக்கக் கூடாது. போன பயணத்தில் ஏற்றி வந்த சரக்கின் வாடை மிச்சம் இருந்தால், இறால் அதை இழுத்துக்கொண்டுவிடும். அமெரிக்காவில் போய் இறங்கியதும் தூக்கிக் கடலில் போடு என்பார்கள்.

அந்த அறையைக் கழுவுகிற வேலையைத் தங்கபாண்டிக்கும், மில் மூடியதால் தாராவியில் வேலையில்லாமல் கிடந்த அவன் ஆட்களுக்கும் நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தேன். "ரூம் பாஸானால் இனி எல்லாக் கப்பலும் உன் ஆட்களுக்கு. ஃபெயிலானால் இந்தப் பக்கமே வரக் கூடாது" என்று ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, உள்ள ஒரு பொட்டு வாடை இருக்கப்படாது, பாத்துக்க" என்று நான் தங்கபாண்டியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"வாடையா? கோயில் மாதிரி ஆக்கித் தாரேன், பாருங்க."

சும்மா பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது வேலை முடிந்திருந்தது. அறைக் கதவை அடைத்து, குளிர் மெஷினை ஓடவிட்டார்கள். சர்வேயர் வந்து பார்த்துச் சரி என்றால் சரக்கை ஏற்ற வேண்டியதுதான்.

சர்வேயர் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்கா பிராமணர். நெற்றியில் விபூதி, கையில் டார்ச் லைட். இறாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அவருடைய மூக்கு சரி என்று சொல்லாமல் ஒரு இறால்கூட பம்பாயை விட்டு நகராது. கதவைத் திறந்து உள்ளே போனார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். இழுத்தவர் விடவே இல்லை. நான் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"என்ன சார்?"

"ஷூவைக் கழட்டணும் போல இருக்கு, ஞானதுரை."

நானும் தலையை உள்ளே நீட்டினேன். ஐயோ! கும்மென்று சாம்பிராணி!

"யார் பண்ணின காரியம் இது?" என்றார் சர்வேயர்.

பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு தங்கபாண்டி துண்டை இடுப்பில் கட்டி, பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்தான். "நாந்தான்யா. வெள்ளிக்கிழமைலா, கழுவிட்டு அப்படியே விட மனசு வரல. டீக்கடைல கங்கு வாங்கி, வாளிக்குள்ள வச்சு, ஈரச்சாக்கப் போட்டு மூடிக் கொண்டாந்தேன்."

கப்பலுக்குள் பீடி பற்றவைத்தாலே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். இந்தப் புண்ணியவான் நெருப்பையே வாளியில் தூக்கி வந்திருக்கிறான்! "ஒனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கால?" என்று நான் குதித்தேன்.

"சத்தம் போடாதேயும்," என்றார் சர்வேயர். "மணம் நன்னாத்தான் இருக்கு. அதுதான் கஷ்டம். இதுல வச்சு அனுப்பினா அமெரிக்காக்காரன் இறாலைச் சாப்பிடுவானா, கன்னத்துல போட்டுப்பானா?"

கப்பல் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். சாயங்காலம் வரைக்கும் தவணை கொடுத்தார். "மறுபடி வருவேன். அப்பவும் சாமி உள்ளேயே இருந்தார்னா நான் ஃபெயில்னுதான் எழுதணும்." போகிற போக்கில் வைத்தியமும் சொன்னார். எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரில் கழுவி, காற்றாடியை ஓடவிட்டு, தட்டுகளில் காபித்தூளைப் பரப்பி வைக்க வேண்டுமாம். காபித்தூள் வாடையை இழுத்துவிடுமாம். சிக்கரி கலந்திருக்கக் கூடாது என்று சொல்லி, மாட்டுங்காவில் எந்தக் கடை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கபாண்டி இடிந்துபோய் நின்றான். "அண்ணாச்சி, அம்மனைக் கூப்பிட்டுட்டேனே. வந்த சாமிய எப்படிப் போன்னு சொல்லது?"

"ஒன் ஆளுகளப் பாருல. அவனுகளுக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

அந்த ஆட்களில் ஒருவனான காசிராஜன் துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான். தங்கபாண்டி உள்ளே போனான். "தாயே, கோவிச்சுக்கிடாத. கொஞ்சம் வெளிய வந்து நில்லு. எல்லாம் ஒன் பிள்ளைக பொழப்புக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் சுவரைத் தேய்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காபித்தூளுக்காக டாக்ஸி பிடித்து ஓடினேன்.

சாயங்காலம் சர்வேயர் வந்தார். மோந்து பார்த்தார். வெளியே போனார். மறுபடி வந்து மோந்தார்.

"போயிடுத்துன்னுதான் தோணறது. ஆனா சத்தியம் பண்ண முடியலை. என் மூக்கு இப்போ டிகாக்‌ஷனைத் தவிர வேற எதையும் கவனிக்க மாட்டேங்கறது."

காபித் தட்டுகளை வெளியே எடுக்கச் சொன்னார். அடுத்து வெண்ணெய் கேட்டார். வாடையை இழுப்பதில் இறாலுக்கு அண்ணன் வெண்ணெய் என்றார். கப்பல் சமையல்காரர் ஒரு தட்டில் கொடுத்தார். அதை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டு, பிரசவ வார்டு வாசலில் உட்காருகிற மாதிரி எல்லோரும் உட்கார்ந்தோம். தங்கபாண்டி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தட்டு வெளியே வந்தது. சர்வேயர் ஒரு துண்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இன்னொரு துண்டு எடுத்தார். மூன்றாவது துண்டுக்கும் கை போனது.

"மனுசன் தின்னே தீத்துருவாரு போலயே," என்றான் காசிராஜன் என் காதில்.

"வெண்ணெய்," என்றார் சர்வேயர்.

"என்ன சார்?"

"வெண்ணெய் வெண்ணெயா இருக்குங்கறேன். வேற ஒண்ணும் இல்லை. ரூம் பாஸ். சரக்கை ஏத்தச் சொல்லும்."

ஆட்கள் போட்ட கூச்சலில் கப்பல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காசிராஜன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு லாரிகள் வந்தன. பெட்டிகள் ஏறின. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, தங்கபாண்டி மட்டும் குளிர் அறை வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் என்னல? அதான் பாஸாயிட்டுல்லா?"

"இல்ல அண்ணாச்சி. மொத வேல. சாமியத் தேச்சுக் கழுவி வெளிய அனுப்பிட்டு, வெறும் ரூம்ல ஏத்தி விடுதோம். மனசு கேக்கல." கடைசிப் பெட்டியும் உள்ளே போனது. பிறகு கேட்டான். "ஆமா, அமெரிக்காக்காரன் ஒங்க வேதம்தான?"

"முக்காவாசிப் பேரு எங்க வேதம்தான். அதுக்கு என்ன இப்போ?"

"ஒங்க வீட்ல மாதிரி கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான சோத்துல கை வைப்பான்?"

எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "ஆமால," என்றேன். "தட்டு முன்னால உக்காந்து, ஜெபம் பண்ணிட்டுத்தான் வாயிலயே வைப்பான்."

தங்கபாண்டியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அப்பச் சரி. நாம பாதில விட்டத அவன் முடிச்சுருவான்," என்று சொல்லி, குளிர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினான்.