செம்பு கூட்டிய வயது

நாகஜோதியின் கணவன் சோலைமலை மோட்டார் மெக்கானிக். சாணார்பட்டி சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவனுக்குத்தான் போன் போகும். ஒரு வைகாசியில் வேலைக்கென்று கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. அவனுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. மகள் ஹரிணி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வேறொருத்தியோடு போய்விட்டான் என்று ஊர் பேசியது. நாகஜோதி விடிவதற்குள் பஸ் பிடித்து நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போய் மகளை வளர்த்தாள்.

சில வருடம் கழித்து, யாரும் புழங்காத தோட்டம் ஒன்றில் கிணற்றைத் தூர்வாரியபோது மனித எலும்புகள் கிடைத்தன. கூடவே உடைந்த மோட்டார் ஒன்று. அதன் செம்புக் கம்பிச் சுருள் பச்சை பூத்துச் சேற்றோடு சேறாகிக் கிடந்தது. பற்களிலும் அந்தப் பச்சை ஏறியிருந்தது. மாமியார் சுந்தரம்மாள் பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு பாரு. இது எம் புள்ளதான்டி."

நாகஜோதிக்கு நம்ப மனம் வரவில்லை. போலீஸ் ஹரிணியிடம் ரத்தம் எடுத்து, எலும்புகளோடு சோதனைக்கு அனுப்பியது. தண்ணீரில் ஊறிப்போனதால் மரபணு பிடிபடவில்லை. பல்லை வைத்து வயதைக் கணித்தார்கள். இறந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று பதில் வந்தது.

"கேட்டீகளா அத்த? அம்பது வயசு ஆளாம். அவரு எங்கயோ உசுரோட இருக்காரு."

"பெத்தவளுக்குத் தெரியாததா மிசினுக்குத் தெரியப் போகுது? அவனுக்குக் காரியம் பண்ணணும், தாயி."

"இன்னொருக்கா அப்படிச் சொன்னீகன்னா புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அதற்குப் பிறகு சுந்தரம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாகஜோதி தீபாவளிக்குக் கணவனுக்கும் ஒரு சட்டை எடுத்து வைத்தாள். மாமியார் அதை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் படுக்கையில் விழுந்தவள் எழாமலே போய்விட்டாள்.

அவள் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கூட வந்த பெண்ணின் பெயர் ஹுஸ்னா. பல்லைச் சோதித்த ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். பழைய சோதனைகளைத் திரும்பப் பார்ப்பது அவள் வேலை.

"அக்கா, அன்னைக்குச் சொன்ன வயசு தப்பு" என்றாள் ஹுஸ்னா. நாகஜோதிக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "பல்லுக்குள்ள அமினோ அமிலம்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல எல்லாம் இந்த இடது கை மாதிரி இருக்கும். வயசாக ஆக, கொஞ்சங் கொஞ்சமா வலது கை மாதிரி மாறும். எம்புட்டு மாறியிருக்குன்னு பாத்து வயசு சொல்லுவோம். ஆனா செம்பு தண்ணியில கரைஞ்சு வந்து அதைப் பிடிச்சுக்கிட்டா, அது சீக்கிரமே மாறிடும். அந்த மோட்டார்க் கம்பியிலிருந்து பல்லுல செம்பு ஊறியிருக்கு. அதான் வயசு கூடிப்போச்சு."

தாடைக்குள் ஆழமாகப் புதைந்திருந்த கடைவாய்ப்பல் ஒன்றில் மட்டும் செம்பு ஏறவில்லை. அது முப்பத்தைந்தை ஒட்டிய வயதைக் காட்டியது. அதே பல்லின் வேரிலிருந்து எடுத்த மரபணு, முன்பு ஹரிணியிடம் எடுத்து வைத்திருந்த ரத்தத்தோடு பொருந்தியது.

நாகஜோதி அழவில்லை. "எங்க அத்த அன்னைக்கே சொன்னாக" என்றாள். "நான்தேன் அவுக வாய அடச்சேன். மகனுக்கு ஒருவாய் அரிசி போடவிடாமயே அவுகள அனுப்பிச்சுட்டேன்."

ஹுஸ்னா கிளம்ப எழுந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். விழுந்ததும் உசுரு போயிருக்குமா? இல்ல, கத்திக்கிட்டுக் கெடந்திருப்பாரா?"

"அது தெரியலக்கா. அதைச் சொல்ற சோதனை எதுவும் இல்ல."

எலும்புகளைச் சிறு பெட்டியில் வாங்கிவந்து, சுந்தரம்மாளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஹரிணி வாய்க்கரிசி போட்டாள். தன் முறை வந்தபோது நாகஜோதி இரண்டு பிடி அள்ளினாள். ஒன்றைக் கணவனுக்குப் போட்டாள். மற்றதை மாமியாரின் மண்மேட்டில் தூவிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.