குடைக்கடை நெய்னா முகம்மதுவின் அக்குள்

சிங்கப்பூர் அரபுத் தெருவில் குடை விற்றும் பழுது பார்த்தும் பிழைத்த நெய்னா முகம்மதுவைப் பற்றிப் பெரிதாகப் பாராட்ட ஒன்றுமில்லை. எடையில் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் குடை வியாபாரத்தில் எடை கிடையாது. மழைக்காலத்தில் விலையை ஏற்றமாட்டார் என்பார்கள். சிங்கப்பூரில் மழைக்கென்று தனியாக ஒரு காலம் இருக்கிறதா என்பது ஆராயத்தக்கது.

தெருவுக்கே தெரிந்த குறை ஒன்று அவரிடம் இருந்தது. நாற்பத்தெட்டு வயதிலும் அவருக்குக் கிச்சுகிச்சு அடங்கவில்லை. விலாப்பக்கம் ஒரு விரல் பட்டால் போதும், துள்ளிக் குதித்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். தையல்காரர் இரண்டு கஜம் தள்ளி நின்று கண்ணாலேயே அளவெடுப்பார். அதனால் அவருடைய சட்டைகள் எல்லாம் வேறு யாருக்கோ தைத்தவை போலிருக்கும். நாவிதர் கத்தியோடு அவர் கழுத்தை நெருங்கும்போது கடையில் காத்திருப்பவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

1907ஆம் ஆண்டு, மகள் ரஷீதாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையைக் கையோடு அழைத்து வர அவர் நாகூருக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை ஜலாலுதீன் இருபத்து நான்கு வயது இளைஞன். மாமனார் எதிரில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் சிங்கப்பூரிலிருந்து மனைவி கதீஜாவின் கடிதம் வந்தது.

“போன மாதம் வந்து இறங்கிய அப்துல் மஜீது சொன்னதை எழுதுகிறேன். இப்போது கப்பலில் டாக்டர் ஏறிச் சோதிக்கிறார். நாக்கை நீட்டச் சொல்வார், நீட்டவும். கண் இமையை மடக்கிப் பார்ப்பார், முறைக்க வேண்டாம். அம்மை குத்திய தழும்பைக் காட்டவும். பிறகு பிளேக் கட்டி இருக்கிறதா என்று இரண்டு அக்குளிலும் விரலால் அழுத்திப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் அந்த ஆளையும் கூட வந்தவரையும் நோயாளிகளை ஒதுக்கும் தீவில் பத்து நாள் வைத்துவிடுகிறார்கள். உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். கப்பல் வியாழக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை நிக்காஹ். முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆட்டுக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது.”

நெய்னா முகம்மது இதைப் படித்து முடிக்கும்போதே அவருடைய இரண்டு கைகளும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. பெண்ணுக்கு வாப்பாவும் இல்லாமல் மாப்பிள்ளையும் இல்லாமல் ஆடுகள் மட்டும் வந்து நிற்கும் கல்யாணத்தை அவர் கண்ணை மூடாமலே பார்த்தார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய முதல் நாளே மேல்தளத்துப் பயணிகள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கொத்தனார் பரமசிவம் ஒரு வழி சொன்னார்.

“பழகுனா எல்லாம் மரத்துப் போயிரும் மரைக்காரே. சுண்ணாம்புல வேலை செஞ்சு எங் கையப் பாருங்க, தீயையே எடுப்பேன்.”

“அக்குளும் மரத்துருமா?”

“ஏன் மரக்காது? காலையில பத்துப் பேரு, சாயங்காலம் பத்துப் பேரு. ஒன்பது நாளு இருக்குல்ல.”

அன்று முதல் காலைக் கஞ்சிக்குப் பிறகு பத்துப் பேர் வரிசையில் நின்று நெய்னா முகம்மதுவின் அக்குளில் விரல் வைத்தார்கள். சிலர் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். ஜலாலுதீன் மட்டும் கிட்டே வரவில்லை. மாமனார் மேல் மரியாதை என்று எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாம் நாள் விரல் படுவதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாம் நாள் யாரோ பறக்கும் மீனைக் காட்ட விரல் நீட்டியதற்கே சிரித்தார். பழக்கம் எதையும் மரக்கச் செய்யும் என்று நூல்களில் இருக்கிறது. அந்த நூல்களை எழுதியவர்களின் அக்குளை யாரும் சோதித்ததில்லை.

ஏழாம் நாள் மாலை தங்கம் அவரிடம் வந்தாள். சிங்கப்பூரின் கண்டாங் கிர்பா பகுதியில் பால்மாடுகள் வைத்திருப்பவள். ஊரில் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“மரைக்காரே, இப்ப அக்குள்ள சொறிஞ்சீங்களே, ஏன் சிரிக்கல?”

“எங் கைதானே புள்ள.”

“அப்ப டாக்டர் கைமேல ஒங்க கையும் இருந்தா ஒடம்பு ஏமாந்துரும் லா. புது மாடும் இப்படித்தான், விரல் பட்டாலே உதைக்கும்.”

“என்னைய மாடுங்கிறியா?”

“சேச்சே. மாடு நாலு நாள்ல படிஞ்சிரும்.”

சோதித்துப் பார்க்க ஜலாலுதீனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். “மன்னிக்கணும் மாமா” என்று சொல்லி அவன் கையை நீட்டினான். நெய்னா முகம்மது அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, தானே தன் அக்குளுக்குக் கொண்டுபோனார். சிரிப்பு வரவில்லை. தன்னைத் தானே சிரிக்க வைக்க மனிதனால் முடியாது. அதற்கு இன்னொருவர் வேண்டும். வெகுநாள் யோசித்தால் இது வருத்தமான செய்திதான். கப்பலில் உடனே வருந்தியவர்கள் வரிசையில் நின்ற பத்துப் பேர்.

ஆனால் நெய்னா முகம்மதுவுக்கு வேறு பயம் வந்தது. “வெள்ளக்கார டாக்டர் கையப் புடிச்சு என் அக்குள்ள வைக்கிறதா? தீவுக்கில்ல, நேரா ஜெயிலுக்குத்தான்.”

வியாழக்கிழமை காலை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் டாக்டர் ஏறினார். கூடவே மொழிபெயர்க்க உதவியாளர் தனசேகரன். பெண்கள் தனியாக ஒரு பக்கம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். நெய்னா முகம்மது நாக்கை நீட்டினார். முறைக்கவில்லை. தழும்பைக் காட்டினார். மனைவியின் கடிதத்தை இந்த அளவுக்குப் பின்பற்றிய கணவர்கள் குறைவு. பிறகு டாக்டரின் விரல்கள் வந்தன.

அவர் போட்ட சத்தத்தில் கொடிமரத்துக் காகம் பறந்தது. அவர் சிரிக்க, பரமசிவம் சிரிக்க, வரிசை முழுவதும் சிரித்தது. டாக்டர் ஓர் அடி பின்வாங்கினார்.

“என்னய்யா இது? காய்ச்சல்ல பெனாத்துறியான்னு டாக்டர் கேக்குறாரு” என்றார் தனசேகரன்.

“இல்லிங்க... கி... கிச்சு...”

தனசேகரனுக்கு நாற்பது நோய்களின் பெயர் ஆங்கிலத்தில் தெரியும். இது அதில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், தலையை மட்டும் சோகமாக ஆட்டினார். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.

“இந்தாளுகூட வந்தது யாரு?”

ஜலாலுதீன் கையைத் தூக்கினான்.

“ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நில்லுங்க. பத்து நாளு தீவு.”

நெய்னா முகம்மதுவின் சிரிப்பு நின்றது. கண்ணில் நீர் மட்டும் நிற்கவில்லை. அப்போது ஜலாலுதீன் முன்னால் வந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தான். தனசேகரனின் நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அவன் அந்தக் கையை மாமனாரின் அக்குளில் வைத்து, மாமனாரின் கையை எடுத்து அதன்மேல் வைத்தான்.

“மாமா, நீங்களே அழுத்துங்க.”

நெய்னா முகம்மது குடைக்கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தினார். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை. அடுத்த அக்குளுக்கு டாக்டரே கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். முடிந்ததும் ஏதோ சொன்னார்.

“கட்டி இல்லையாம்” என்றார் தனசேகரன். “ஆனா ஒரு அக்குள் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனது அவருக்கு இதுதான் மொதத் தடவையாம். அடுத்தது நீ, வா தம்பி.”

ஜலாலுதீன் கைகளைத் தூக்கினான். டாக்டரின் விரல் பட்டதும் ‘ஈஈ’ என்று கூவி, தளத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

“அடியாத்தி, மாப்பிள்ளையுமா!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து தங்கம் கத்தினாள்.

“ஏன் மருமவனே, ஒன்பது நாளாச் சொல்லவே இல்ல?”

“சொல்லியிருந்தா எனக்கும் பழக்கியிருப்பாங்க மாமா.”

ஒருவனை அறிவாளி என்று சொல்லத் தயங்குபவர்களும் இந்தப் பதிலைக் கேட்டால் அவன் பக்கம் சாயக்கூடும். டாக்டர் யாரும் சொல்லாமலே மணிக்கட்டை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. ஆடுகளும் வந்தன. முடிந்ததும் மாமனாரும் மருமகனும் தழுவிக்கொள்ள எழுந்து, ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டார்கள். வலது கையைக் குலுக்கினார்கள். இடது கையால் அவரவர் விலாவைப் பொத்திக்கொண்டார்கள். நாகூரில் இப்போது இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று முந்நூறு பேரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அப்துல் மஜீது வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்திகள் இருவரும் விலாவைப் பொத்திக்கொண்டு கை குலுக்கினார்கள். காரணம் கேட்ட ஒருவரைப் பெரியவர்கள் அதட்டி உட்கார வைத்தார்கள்.