தகரப் பாட்டு

சூறாவளி ஓய்ந்த காலையில், பள்ளிவாசலில் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் மச்சான், சரிந்து கிடந்த வீட்டைக் கண்டதும் ஆர்மோனியப் பெட்டியைத்தான் முதலில் தேடினார். சுவர்க் கல்லைப் புரட்டினார், முறிந்த தென்னையைத் தள்ளினார். அவர் மனைவியான என் ராத்தாவின் தோளில் கைக்குழந்தை அனலாய்க் கிடந்தது. "புள்ளைக்குக் காய்ச்சல் காயுது, மனிசன் பொட்டியத் தேடுறாரு" என்றாள் ராத்தா. பெட்டி ஒரு மூலை உடைந்து கிடைத்தது. அதைத் துடைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பார்த்து, சத்தம் வந்ததும் அவர் சிரித்த சிரிப்பை ராத்தா கடைசிவரை சொல்லிக்காட்டினாள்.

மச்சானுக்குத் தொழில் நெசவு, உயிர் பாட்டு. கல்முனைப் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளையை வாழ்த்திப் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பின்பாட்டுக்கு நான் போவேன், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே ராத்தாவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் ஒழுங்கை, அந்தச் சந்து முழுவதற்கும் அவர் மருமகன். மருமகன் சொன்னால் அங்கே மறுபேச்சுக் கிடையாது.

அடுத்து வந்த தேர்தலில் ஒரு வேட்பாளர், தான் வென்றால் கூரையிழந்த வீடுகளுக்கெல்லாம் தகரம் தருவதாகச் சொன்னார். மச்சானைப் பாடக் கேட்டார்கள். வழக்கமான மாப்பிள்ளை வாழ்த்து மெட்டையே எடுத்து, மாப்பிள்ளை பேர் வரும் இடத்தில் வேட்பாளர் பேரை வைத்து, "ஓலை போய்த் தகரம் வரும், ஒழுங்கையெல்லாம் வெள்ளி நிறம்" என்று கட்டினார். காரில் மைக் பூட்டி ஊரெல்லாம் பாடினோம். அவரும் அதை முழுதாக நம்பித்தான் பாடினார். பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வேட்பாளர் வென்றார். தகரம் வரவில்லை.

மாரி தொடங்குமுன் தெற்கே கோமாரி ஊரிலிருந்து ஒரு லொறி கிடுகு, கூரை வேயப் பின்னிய தென்னோலை, வந்தது. தென்னையெல்லாம் விழுந்துவிட்ட எங்கள் பக்கத்தில் கிடுகு கிடைப்பதே அருமை; பங்கு வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு வளவில் தறி போட்டிருந்த மாமி, புருசன் இல்லாதவள், தன் பங்கை எடுக்கவில்லை. "எனக்கு வேணாம், இல்லாதவங்களுக்குக் குடுங்க. எங்கட மருமகன் சும்மாவா பாடுவாரு? தகரம் வரும்" என்றாள். மச்சான் அன்றைக்கு ஊரில் இல்லை. சம்மாந்துறையில் ஒரு கலியாணம். நானும் கூடப் போயிருந்தேன்.

மழை விடாமல் பெய்தது. கிழிந்த படங்குத் துணி ஒன்றுதான் அவளுக்குக் கூரை. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்து இற்றது. அவளுடைய கடைசி மகனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தது அவனுடைய மையித்துத்தான்.

அடக்கிவிட்டு வந்து ஆண்கள் முற்றத்தில் இருந்தபோது, மாமி கதவுக்குப் பின்னால் நின்று மச்சானைக் கேட்டாள். "அந்தத் தகரம் இனி வருமா, மருமகன்?" அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதன்பிறகு அவர் பாடவில்லை. கலியாண வீட்டுக்காரர் வந்து கெஞ்சினார்கள். தொண்டை சரியில்லை என்றார். பெட்டியைப் பூச்சி அரித்தது, கவனிக்கவில்லை. பஸ் ஏறிக் கோமாரிக்குப் போய்க் கிடுகு கொண்டுவந்து, மாமி வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கூரையாக வேய்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொன்னது அவங்கதானே மச்சான், பாட்டு என்ன செஞ்சிச்சு?" என்று சண்டை பிடித்தேன். கூரையில் இருந்தபடியே சொன்னார்: "அவங்கள மாமிக்குத் தெரியாதுடா. என்னைத்தான் தெரியும்."

இப்போது அந்த ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு ஓடு போட்டாயிற்று. மச்சான் இல்லை. அவரை நினைத்தால் எனக்குக் கலியாணப் பந்தல்கள் நினைவுக்கு வருவதில்லை. அதற்கடுத்த தேர்தல் காலத்துப் பின்னேரம் ஒன்றுதான் வருகிறது.

தறியில் இருந்தோம். தெருவில் அதே வேட்பாளரின் மைக் கார் வந்தது. "ஓலை போய்த் தகரம் வரும்." மச்சானுடைய குரல். முந்திய தடவை யாரோ டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டார்கள். மச்சான் கையிலிருந்த தறி நாடாவைப் போட்டுவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினார். சந்தியில் நின்ற பொடியன்கள், "பாட்டு முன்னால போகுது, பாட்டுக்காரர் பின்னால ஓடுறாரு" என்று விசிலடித்தார்கள். அவர் ஒவ்வொரு வீட்டு வேலிக் கடப்பிலும் நின்று, "அது பழைய பாட்டு. நம்பாதீங்க. மழைக்கு முதல் கிடுகக் கட்டிக்கங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் தேனாய்ப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் குரல் கரகரத்துப் பாதி கேட்கவில்லை.

மாமி தன் கடப்படியில் முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள். மச்சான் அவள் முன்னால் வந்து நின்றார். கார் திரும்பி மறையும்வரை அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடியிருக்கிங்க, மருமகன்" என்றாள்.