கேட்டுக்கு இந்தப் பக்கம்

அவரைப் பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் பம்ப் ஃபாக்டரி வாசலில் யாரைக் கேட்டாலும் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். ஃபாக்டரி கேட்டுக்கு நேர் எதிரே அவருடைய பைக் ரிப்பேர் கடை. கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் வந்தவன் போனவன் எல்லாம் உட்கார்ந்திருக்கிறான், கடைக்காரர் மட்டும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்பேனர் எடுக்கப் போவார். பாதி வழியில் கேட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். ஸ்பேனரை மறந்துவிட்டு ரோட்டைத் தாண்டுவார். வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை, டீக்கடையில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பும்போது எதற்குப் போனோம் என்பதே மறந்திருக்கும். தூங்கும்போதுகூட அவருக்குக் கால் ஆடுகிறது என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அப்படியானால் கடையில் வேலையை யார் பார்த்தது என்று கேட்பீர்கள். அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பேச்சு குறைவு, கை நிறைய வேலை. இஞ்சினை அவிழ்த்துப் பரப்பி வைத்தான் என்றால் அதைத் திரும்பப் பூட்டி முடிக்கும்வரை தலை நிமிர மாட்டான். கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிற மனுஷன். கல்லாப்பெட்டிப் பக்கம் மட்டும் அவன் தலைவைத்தும் படுத்ததில்லை. விலை பேசுவதும் காசு வாங்குவதும் பம்பரத்தின் இலாகா. மாசம் பிறந்தால் அக்கா வீட்டுக்காரர் கொடுப்பதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவான்.

நாட்டு நிலவரம் தெரிய பம்பரத்துக்குப் பேப்பர் தேவையில்லை, வண்டிகளே போதும். ஃபாக்டரிக்காரன் கையில் காசு இருந்தால் வண்டி நன்றாக இருக்கும்போதே சர்வீசுக்கு வரும். கை இறுகினால் செயின் அறுந்த பிறகுதான் வரும், அதுவும் தள்ளிக்கொண்டு. சில வருஷங்களாக எல்லாம் தள்ளிக்கொண்டுதான் வந்தது. கறுத்துக் களிம்பாகிப்போன ஆயிலை வைத்து இன்னும் ஒரு மாசம் ஓட்டலாமா என்று கேட்டார்கள். பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். சும்மா காற்று மட்டும் அடித்துக்கொண்டு போனவர்களே அதிகம். வியாபாரம் மந்தம், பம்ப் விற்கவில்லை என்று ஃபாக்டரியில் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. சம்பளம் நின்றதும் கடைவீதியும் நின்றுபோனது. பாத்திரக்கடைக்காரர் ஈ ஓட்டினார். பம்பரம் அதைக்கூட ஓட்டாமல் ரோட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

இந்த நேரத்தில்தான் டீக்கடை டிவியில் ஒரு பேராசிரியர் பேசியதை அவர் கேட்டுத் தொலைத்தார். நாடு சம்பாதிப்பதில் உழைக்கிறவன் பங்கு தேய்ந்துகொண்டே போகிறது, முதலாளி பங்கு ஊதிக்கொண்டே போகிறது, உழைக்கிறவன் கையில் காசு சேர்ந்தால்தான் அவன் செலவு செய்வான், அவன் செலவு செய்தால்தான் சந்தை எழுந்து நிற்கும் என்று அந்த மனிதர் விளக்கினார். மறுநாளிலிருந்து அது பம்பரத்தின் சொந்தச் சரக்காகிவிட்டது. காற்றடிக்க வந்தவன்கூட அதைக் கேட்காமல் போக முடியாது. "முதலாளி ஒரே நாள்ல பத்து வண்டியா ஓட்டுவாரு? உங்கள மாதிரி நூறு பேர் ஓட்டினாத்தான் நான் பொழைக்க முடியும்" என்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஃபாக்டரியில் சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கியதும் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கத்துக்காரர்கள் ஆபீஸ் கட்டடத்துக்குள் போவதைப் பார்ப்பார், வருவதைப் பார்ப்பார், முகத்தைப் பார்த்தே முடிவைக் கண்டுபிடிக்க முயல்வார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பார்.

அந்த அலைச்சலுக்கு நடுவில் ஒருநாள், கடை மூடுகிற வேளையில், மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். வீட்டு வாடகை ஏறிவிட்டது, பெண்ணுக்குப் புத்தகம் வாங்கவேண்டும், தன் சம்பளமும் ரொம்ப நாளாக ஏறவில்லை என்று மென்று முழுங்கிச் சொன்னான். பம்பரம் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நிலைமை தெரியுமில்ல மாப்ள. கொஞ்சம் சரியாகட்டும், பாக்கலாம்."

மச்சினன் சரி என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் இதை ஒரு குறையாகத்தான் பம்பரம் மனைவியிடம் சொன்னார். சொந்தக்காரனே நேரம் காலம் தெரியாமல் கேட்கிறான் பாரு என்றார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குச் சம்பளம் கூடணும்னு தெருத்தெருவா பேசறீங்க. இந்தப் பக்கம் இருக்கறவன் மட்டும் பொறுத்துக்கணுமா?"

அது வேறு, இது வேறு என்றார் அவர்.  அன்றைக்குத் தூக்கத்தில் அவருக்குக் கால் ரொம்பவே ஆடியது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் மாற்ற இஞ்சினுக்கு அடியில் இருக்கிற போல்ட்டை யார் கழற்றுகிறாரோ, அவர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஆயில் வடிந்ததும் அவரே போல்ட்டை முடுக்கி, அவரே புது ஆயிலை ஊற்ற வேண்டும். போல்ட் யார் பையில் இருக்கிறதோ வேலை அவர் தலையில். யார் பையிலும் போல்ட் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஊரெல்லாம் ஓடுகிற பம்பரம், தன் மறதிக்குத் தானே போட்டுக்கொண்ட கடிவாளம் அது. அதுவரை அந்த வழக்கம் அவரைக் காப்பாற்றித்தான் வந்திருந்தது.

பேச்சுவார்த்தையின் கடைசி நாள் என்று எல்லோரும் சொன்ன அன்று, ஃபாக்டரியில் லேத் ஓட்டுகிறவர் ஷிஃப்ட் முடித்துவிட்டு வண்டியோடு வந்தார். நல்ல சேதி வரும் என்ற தைரியத்தில் ஆயில் மாற்றத் துணிந்துவிட்டார். மச்சினன் போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆயில் வடிய ஒரு தட்டை அடியில் வைத்தான். லேத்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, காலையில் பேச்சுவார்த்தையில் நடந்ததாகக் காதில் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் தண்ணீர் குடித்தாராம், கண்ணாடியைத் துடைத்தாராம், கடைசியில் வாயைத் திறந்து பழைய பல்லவியையே பாடினாராம்.

"என்ன சொன்னான்?" என்றார் பம்பரம்.

"நிலைமை கொஞ்சம் சரியாகட்டும், பாக்கலாம்னாரு."

பம்பரம் கொதித்துப்போனார். இவர்கள் கையில் காசு கொடுக்காமல் நிலைமை எப்படிச் சரியாகும், வானத்திலிருந்து சரியாகுமா, இது பசித்தவனிடம் பசி தீரட்டும் சோறு போடுகிறேன் என்று சொல்வது மாதிரி இல்லையா என்று ஒரு பிடி பிடித்தார். லேத்காரர் கைகொட்டிச் சிரித்தார். பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்கலாம் என்று திரும்பினால், மச்சினன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

 அவன் ஸ்பேனர்களை அளவு வாரியாகப் பலகையில் மாட்டினான். கையைத் துடைத்தான். சட்டைப்பையிலிருந்து போல்ட்டை எடுத்து பம்பரத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

"நான் வரல மாமா. நாளைக்கும் வரல."

வாடிக்கையாளர் முன்னால் என்னத்தைச் சொல்வது?  லேத்காரருக்கு விஷயம் புரிந்ததோ இல்லையோ, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நாசூக்காக எழுந்து போனார். பம்பரம் குனிந்து போல்ட்டை முடுக்கினார். இவனுக்கு என்ன திமிர், யார் கற்றுக்கொடுத்த தொழில், போனால் போகட்டும் என்று மனசு பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. கடைசி முடுக்கு முடுக்கும்போது கேட்டுப் பக்கம் பெரிய ஆரவாரம் எழுந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஒப்பந்தம் முடிந்திருந்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தது அற்பமும் இல்லை. யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு மூன்று பேர் அந்த வேகத்திலேயே, நாளைக்கு வண்டியைக் கொண்டுவருகிறேன், டயர் மாற்றிவிடு என்றார்கள். இனி நிமிர்ந்துவிடலாம் என்று பம்பரத்துக்கு நெஞ்சு விம்மியது. திரும்பி வந்தபோது லேத்காரர் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முடிந்ததா என்று கேட்டார். பம்பரத்தின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பையைத் தொட்டது. போல்ட் இல்லை.

"முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஒரு சொட்டு ஆயில் இல்லாத இஞ்சினோடு லேத்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் நின்று வழுக்கியது. நல்லவேளையாக ஆளுக்கு அடியில்லை. பாலத்திலிருந்து கடைவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் பம்பரத்துக்குத் தேவலை. "சந்தோஷத்துல மறந்துட்டீங்க, பரவால்ல, எப்ப கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் முதுகைப் பார்க்க பம்பரத்துக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் கடை முன்னால் வரிசையாக வண்டிகள் நின்றன. எத்தனை நாளாகக் கனவு கண்ட வரிசை. அவருக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஞ்சினை அவிழ்க்க அவருக்குத் தெரியும், பொறுமையாகத் திரும்பப் பூட்டத்தான் வராது. இதோ வந்துவிடுகிறேன் என்று வரிசையிடம் சொல்லிவிட்டு மச்சினன் வீட்டுக்குப் புறப்பட்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் நின்றது. வண்டி என்று ஒன்று கண்ணில் பட்டால் டயரைத் தடவிப் பார்ப்பது அவருடைய கைப்பழக்கம். தடவினார். பட்டன் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, ஒரு ஓரத்தில் உள்நூல் தெரிந்தது. இதில் எவன் போகிறான், சாகவா என்று வாய்விட்டே சொன்னார். அப்போதுதான் மச்சினன் மனைவி பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, வாங்க அண்ணே என்றாள். பெண்ணை முன்னால் நிற்கவைத்து அந்த ஸ்கூட்டரிலேயே கிளம்பிப் போனாள். கடையில் அலமாரி நிறையப் புது டயர் இருக்கிறது, வாங்குவார் இல்லாமல். தெருமுனையில் அவள் திரும்புகிறவரை அவர் அசையாமல் நின்றார்.

மேலே போனார். ஒரே அறை, மடித்த பாய்கள், ஜன்னலில் காய்கிற சீருடை. மச்சினன் எழுந்து நாற்காலி போட்டான். பம்பரம் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். போல்ட்டை முடுக்கியது தான்தான், ஆயில் ஊற்றாதது தன் தப்புதான் என்றார்.

"அவருக்காக வரேன்" என்றான் மச்சினன். "வெளியாள் ரேட்டுக்கு. கஸ்டமர்கிட்ட லேபர்னு என்ன வாங்குவீங்களோ, அதக் குடுத்துடுங்க. அவ்வளவுதான்."

சரி என்று சொல்வதைத் தவிர வழியில்லை. மச்சினன் வந்தான், இஞ்சினை இறக்கினான், சிலிண்டரைக் கடைசலுக்கு அனுப்பினான், அது வந்ததும் புது பிஸ்டன் போட்டுப் பூட்டினான். வரிசையில் இருந்தவர்களை, நாளைக்குச் சாயங்காலம் வாங்க என்று பம்பரம் பேசிப் பேசி அனுப்பி வைத்தார். மறுநாள் சாயங்காலம் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. லேத்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பம்பரம் கல்லாவைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் வயிறு எரிந்தது. சாமான் செலவு அவருடையது, கடைசல் கூலி அவருடையது, அதற்கு மேல் இது. இஞ்சின் வேலைக்கு என்ன வாங்குகிறோம் என்பது மச்சினனுக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. முதலில் எடுத்த நோட்டுகள் கொஞ்சம்தான். அதையே நீட்டியிருந்தாலும் அவன் வாங்கிக்கொண்டு போயிருப்பான். பம்பரம் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வரிசையில் நின்றவர்கள் இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். கடைசியில் மறுபடி கல்லாவுக்குள் கையை விட்டு, வாடிக்கையாளரிடம் எதை வாங்குவாரோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

மச்சினன் எண்ணினான். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை எண்ணினான். ஒரே வேலைக்கு, அவனுடைய மாசச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி.

"ஒரு இஞ்சினுக்கா?"

"ஒரு இஞ்சினுக்கு."

"இத்தன வருஷமாவா?"

பம்பரம் கல்லாவை மூடினார். பேராசிரியரின் சரக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. மச்சினன் முகம் சிவந்துவிட்டது. அவன் கோபப்பட்டு பம்பரம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினார். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது. "கடையில நீ செய்யற ஒவ்வொரு வேலையிலயும் லேபர்ல பாதி ஒனக்கு" என்றார். "இன்னியிலருந்து."

 மச்சினன் பணத்தைப் பையில் வைத்தான், வாசலுக்குப் போனான், முதலில் நின்ற ஆளிடம் வண்டிக்கு என்ன என்று கேட்டான். அந்த ஆள் சொல்லிவிட்டு, எவ்வளவு ஆகும் என்று வழக்கம்போல பம்பரத்தைப் பார்த்தான். பம்பரம் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார்.

விலையை மச்சினன் சொன்னான்.